'சிஸ்டர்' என்று யாரும் கூப்பிடாத குளிர்காலம்

வெவ்வேறு நாடுகளிலிருந்து, வெவ்வேறு நேரங்களில் இணைந்திருக்கிறீர்கள். இங்கே ஹார்பினில் மாலை 4 மணி. ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. டிசம்பரில் இந்த ஊரில் சூரியன் 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும்.

என்னை எழுத்தாளர் என்று அறிமுகப்படுத்தினீர்கள். நன்றி. ஆனால் நான் நர்ஸ். எழுத ஆரம்பித்ததே இங்கு வந்த பிறகுதான். அது எப்படி என்று சொல்கிறேன்.

ஹார்பின், சீனாவின் வடகிழக்கில் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தின் தலைநகர். ஜனவரி இரவுகளில் மைனஸ் 25 டிகிரி சாதாரணம். சோங்ஹுவா ஆறு உறைந்து, மக்கள் அதன்மேல் நடந்துபோவார்கள். அந்த ஆற்றில் அறுத்தெடுத்த பாளங்களால் கட்டும் பனிக்கோட்டைகளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் இருக்க வேண்டும்.

நாகர்கோவிலில் மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் பனி. இங்கே வானத்திலிருந்து கொட்டுவதும் பனி. "அங்கேயும் பனியா மக்ளே?" என்று அம்மா போனில் கேட்பார்கள். "ஆமாம்மா" என்பேன். ஒரே சொல்லாக இருப்பதில் ஒரு வசதி, அம்மா பயப்பட மாட்டார்கள்.

அக்டோபர் 20 முதல் ஏப்ரல் 20 வரை வீடுகளுக்குக் குழாய் வழியே வெந்நீர்ச் சூடு வரும். வெளியே மைனஸ் 20, உள்ளே 23. வீட்டுக்குள் அரைக்கைச் சட்டைதான். முதல் வருஷம், இந்தக் குளிரில் இட்லி மாவு எங்கே புளிக்கப்போகிறது என்று பயந்து பாத்திரத்தை ரேடியேட்டர் பக்கத்தில் வைத்தேன். விடிந்து பார்த்தால் தரையெல்லாம் மாவு! சூடு எட்டாத பால்கனியில் மீன் விறைத்துக் கிடக்கும். அங்கே மறந்து வைத்த தேங்காய் எண்ணெய் கல்லாகிவிட்டது. காற்று காய்ந்து மகளுக்கு மூக்கில் ரத்தம் வரும். ராத்திரி ஈரத் துண்டுகளை ரேடியேட்டரில் விரித்துப் போடுவேன். வெளியே கிளம்ப நாலு அடுக்கு உடை. எல்லாம் மாட்டி, பூட்ஸையும் போட்ட பிறகுதான் மகள் பாத்ரூம் போக வேண்டும் என்பாள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அப்போது சிரிக்கவில்லை. டிப்ளமோ நர்சிங் முடித்து 17 வருஷம் வார்டில் நின்றவள் நான். இங்கே என் விசாவில் வேலை செய்ய அனுமதி கிடையாது. கணவர் வேலைக்கு, மகள் பள்ளிக்கு. நான் ஜன்னலுக்கு. 17 வருஷம் இரவும் பகலும் 'சிஸ்டர், சிஸ்டர்' என்று கூப்பிட்ட குரல்கள் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்ததுண்டு. அந்தக் குளிர்காலத்தில் அப்படி ஒரு குரல் கேட்காதா என்று ஏங்கினேன். மகளின் பழைய நோட்டில், என் நோயாளிகளைப் பற்றி எழுத ஆரம்பித்தது அப்போதுதான்.

எதிர்வீட்டில் ஒரு பாட்டி. 'நைநை' என்றால் அப்பாவைப் பெற்ற பாட்டி; மகள் அப்படித்தான் கூப்பிடுவாள். நைநை லிஃப்டில் என் மகளின் கால்சட்டையைத் தூக்கிப் பார்த்து, உள்ளே இன்னொரு கால்சட்டை இல்லையென்றால் என்னைத் திட்டுவார். பிள்ளை வளர்க்க எனக்குச் சொல்லித் தருகிறாரா என்று கோபம் வரும். திருப்பிச் சொல்ல மொழி இல்லை.

டிசம்பர் தொடக்கத்தில் ஒருநாள், எங்கள் கட்டட வாசலில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முள்கரண்டியின் முதுகுபோல் வளைந்திருந்தது. பார்த்ததுமே எலும்பு முறிவு என்று தெரிந்துவிட்டது. தலையில் அடிபடவில்லை, கால் ஊன்ற முடிகிறது என்று பார்த்துக்கொண்டு, தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுவந்தேன். வீங்குவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றினேன். கையை நிமிர்த்தவில்லை, இருந்தபடியே அட்டையை வைத்து என் துப்பட்டாவால் கட்டினேன். விரல் நுனிகளை அழுத்தி ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தேன். நைநை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளிடம் ஏதோ கேட்டார். மகள் ஒரே சொல்லில் பதில் சொன்னாள்: "ஹூஷி." நர்ஸ்.

அன்றிலிருந்து நைநைக்கு என் பெயர் ஹூஷி.

டிசம்பர் 21 அல்லது 22, ஆண்டின் மிக நீண்ட இரவு. அன்று ஜியாவ்ஸி சாப்பிடாவிட்டால் காது உறைந்து விழுந்துவிடும் என்பார்கள் இந்த ஊரில். நம் கொழுக்கட்டை மாதிரிதான், உள்ளே இறைச்சியும் முட்டைக்கோஸும் இருக்கும். மாவுக்கட்டுப் போட்ட கையோடு நைநை எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அதிகாரம் பண்ண, நான் மடித்தேன். என் மடிப்பு அவருக்குப் பிடிக்கவேயில்லை. பதிலுக்கு இட்லி கொடுத்தேன். "மான்தோவா?" என்று கேட்டார். அது இங்கே ஆவியில் வேகவைக்கும் ரொட்டி. ஆமாம் என்று தலையாட்டினேன். சாம்பாரை விளக்க என்னிடம் சீனம் போதாது.

கிறிஸ்துமஸ் இங்கே வேலை நாள், பள்ளி நாள். ரஷ்யர்கள் கட்டிய புனித சோபியா பேராலயம் பச்சைக் குவிமாடத்தோடு ஊர் நடுவே நிற்கிறது. ஆனால் இப்போது அது கண்காட்சிக்கூடம். நாங்கள் இரவு வீட்டிலேயே வேதம் வாசித்துப் பாட்டுப் பாடினோம். அந்த வருஷம் ஜெபத்துக்கு நடுவே கதவு தட்டப்பட்டது. கட்டு இறுக்குகிறது, வந்து பார் என்று நைநை. "ஹூஷி, ஹூஷி" என்று அவசரமாக.

ஜெபத்தை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். விரல்கள் சூடாக, நிறம் மாறாமல் இருந்தன. கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து, விரல்களை அசைக்கச் சொன்னேன். மரத்துப்போனாலோ, வலி கூடினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று மகளை விட்டுச் சொல்லவைத்தேன். கொஞ்ச நேரத்தில் இறுக்கம் தளர்ந்தது. திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தோம். எனக்குத்தான் குரல் வரவில்லை.

இது என் நான்காவது குளிர்காலம். உங்களில் யாராவது புதிதாக ஒரு குளிர்தேசத்துக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால், மொழி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு தட்டு இட்லியோடு எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நான் யாராவது விழும்வரை காத்திருந்தேன்.