பால்கே தேடிய மூலதனம்

1912-ஆம் ஆண்டில் தாதாசாகேப் பால்கே லண்டனுக்குச் சென்றது, தம் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் பெற்ற கடனைக் கொண்டுதான். வில்லியம்சன் கேமராவுடன் பம்பாய் திரும்பியவரிடம் படம் எடுக்கக் கைமுதல் இல்லை. திரைப்படம் ஒரு தொழிலாகவே கருதப்படாத காலம் அது.

பொருளியல் பயில்வோர் இங்கே சற்று நிற்க வேண்டும். பட்டாணிச் செடியொன்று முளைத்து வளர்வதைச் சிறிது சிறிதாகப் படம்பிடித்து, அந்தக் குறும்படத்தைப் பணமுடையோர்க்கு அவர் திரையிட்டுக் காட்டினார். இக்காலத் திட்ட அறிக்கைகள் பலவற்றினும் அது தெளிவானது! கடன் கிடைத்தது. கச்சாப் படச்சுருளின் விளிம்பில் துளையிடும் பணியை மனைவி சரஸ்வதிபாய் ஏற்றார். குழுவினருக்குச் சமைத்தவரும் அவரே. 1913 மே 3-இல் 'ராஜா ஹரிச்சந்திரா' பம்பாய் காரனேஷன் அரங்கிற்கு வந்தது.

படம் வருவாய் ஈட்டிற்று. ஆயினும் 1918-இல் கூட்டாளிகளுடன் தொடங்கிய நிறுவனத்தில் பிணக்குகள் எழுந்தன. 1927-இல் சென்னை வழக்கறிஞர் ரங்காச்சாரியார் தலைமையில் அமைந்த குழுவின் முன் பால்கே சாட்சியம் அளித்தார். உள்நாட்டுப் படத்தொழிலுக்கு அரசு துணைநிற்க வேண்டுமென அக்குழு பரிந்துரைத்தது. அறிக்கை பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. திரைப்பட நிதிக் கழகம் 1960-இல்தான் தோன்றியது. பால்கே 1944-லேயே நாசிக்கில் காலமாகியிருந்தார்.