எத்தனை எச்.பி. இஞ்சின் வாங்கலாம்?
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கடன் உபகுழு சார்பில் பேசியது)



இந்த மாசம் வந்திருக்கிற கடன் மனுக்களில் ஏழு மனு படகு இஞ்சினுக்கு. ஏழிலும் கேட்டிருக்கிற தொகை வேறு வேறு. ஏன் அந்த இஞ்சின் என்ற இடத்தில் மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறோம்: "வீட்டுக்காரர் சொன்னார்". அவர் சொல்வது தப்பு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கடலுக்குப் போறது அவங்கதான். ஆனால் தவணை கட்டப் போவது நாம், தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுவதும் நாம். அதனால் எச்.பி. கணக்கு நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் குழுவில் மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தோம். பழைய 10 எச்.பி. டீசல் இஞ்சின் தேய்ந்து போச்சு. புதுசு வாங்கக் கடைக்குப் போனோம். கடைக்காரர், "இன்னும் கொஞ்சம் போட்டா 20 எச்.பி. வந்துடும்மா, ரெண்டு மடங்கு வேகம்" என்றார். நாங்களும் சரி என்று கூடுதல் கடன் வாங்கினோம். பக்கத்து வீட்டுப் படகில் அதே அளவு ஃபைபர், அதே பழைய 10 எச்.பி.தான். இரண்டும் ஒரே நாள் ஒரே இடத்துக்குப் போனபோது கடிகாரம் பார்க்கச் சொன்னோம். அவங்க ஒரு மணி நேரத்தில் போன இடத்துக்கு நம்ம படகு பத்து நிமிஷம் முன்னால் போனது. அவ்வளவுதான்!

ஏன் இப்படி? வலையும் ஐஸும் ஆளும் ஏற்றிய படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது முன்னால் ஒரு அலை, பின்னால் ஒரு அலை தானே உண்டாக்கும். ஒரு வேகத்துக்கு மேல் அந்த இரண்டு அலைக்கும் நடுவில் படகு மாட்டிக்கொள்ளும். மேலே போக வேண்டுமானால் தன் அலை மேலேயே ஏற வேண்டும். அந்த வேகம் படகின் நீளத்தைப் பொறுத்தது. தண்ணீரில் 24 அடி படிகிற படகுக்கு அது மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். அதற்கு மேல் தள்ளுகிற எண்ணெய் எல்லாம் அலை எழுப்பத்தான் போகுது. வெறும் படகாக ஓட்டிக் காட்டினால் சீறிக்கொண்டு போகும்; கடையில் காட்டுவதும் அப்படித்தான்.

எண்ணெய்க் கணக்கைப் பாருங்கள். டீசல் இஞ்சின் முழு வேகத்தில் ஓடினால் ஒரு எச்.பி.க்கு மணிக்குச் சுமார் கால் லிட்டர் குடிக்கும். 10 எச்.பி. என்றால் இரண்டரை லிட்டர், 20 எச்.பி. என்றால் 5 லிட்டர். ஒரு நாளைக்கு 6 மணி நேரம் ஓட்டம், மாதம் 20 நாள் தொழில் என்று வைத்தால் 300 லிட்டர் கூடுதல். லிட்டர் 90 ரூபாய் என்று போட்டாலே 27,000 ரூபாய். எப்போதும் முழு வேகத்தில் ஓட்ட மாட்டாங்க, சரி. ஆனால் கையில் பெரிய இஞ்சின் இருந்தால் யார் மெதுவாக ஓட்டறாங்க? மானிய எண்ணெய் மாதத்துக்கு ஒரு அளவுதான். அது தீர்ந்தால் வெளி விலை.

எங்களுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? வியாபாரியிடம் முன்பணம். முன்பணம் வாங்கியதால் மீனை ஏலத்தில் விட முடியவில்லை, அவர் சொன்ன விலைக்கே கொடுத்தோம். கூடை எடுத்து விற்கப் போகும் எங்களுக்கே எங்கள் படகு மீன் கிடைக்கவில்லை. எட்டு மாதம் அப்படி ஓடியது. கடைசியில் இஞ்சினை நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டு மறுபடி 10 எச்.பி.க்கே வந்தோம். அந்தக் கடனில் இன்னும் நான்கு தவணை பாக்கி.

சரி, எத்தனை எச்.பி. வேண்டும் என்று எப்படிப் பார்ப்பது? எடையைப் போடுங்கள். எங்கள் படகு 700 கிலோ, இஞ்சின் 100, வலை 300, நாலு ஆள் 250, ஐஸ், எண்ணெய், சோறு, தண்ணீர் 150, திரும்பி வரும்போது மீன் 300. ஆக 1,800 கிலோ, ஒன்றே முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் மேலே. இந்த மாதிரி மெதுவாகப் போகும் படகுக்கு ஒரு டன்னுக்கு 3 முதல் 5 எச்.பி. போதும் என்பது பொதுவான கணக்கு. நமக்கு ஐந்தரையிலிருந்து 9 எச்.பி. வருது. இஞ்சினை எப்போதும் முழுசாக விரட்டினால் சீக்கிரம் கெடும், நூற்றுக்கு எண்பதில் ஓட்டுவது நல்லது. 8 எச்.பி. தேவைப்பட்டால் 10 எச்.பி. வாங்கலாம். படகின் எடையைக் கட்டிய யார்டில் கேட்டால் சொல்லுவாங்க.

இங்கே ஆண்கள் சொல்லும் ஒரு நியாயத்தையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நம்ம கரையில் துறைமுகம் இல்லாத ஊர்தான் அதிகம். அலை உடைகிற இடத்தைத் தாண்டித்தான் போகணும், வரணும். வாடைக்காற்று நேரத்தில் எதிர்க்காற்றில் திரும்பும்போது இஞ்சினில் கொஞ்சம் சக்தி மிச்சம் இருந்தால்தான் உயிருக்குப் பாதுகாப்பு. அதனால் கணக்கில் 6 வந்தது என்று 6 எச்.பி. வாங்காதீங்க. மேல் பக்கமே நில்லுங்கள். ஆனால் மிச்சம் வைப்பது வேறு, இரண்டு மடங்கு வாங்குவது வேறு. கனமான இஞ்சின் பின்பக்கத்தை அமுக்கும். பின்னாலிருந்து வரும் அலை உள்ளே ஏற அதுவே வழி.

கடையில் கேட்க வேண்டியது இரண்டு. போர்டில் எழுதிய எச்.பி. தொடர்ந்து ஓடும் சக்தியா, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் தரும் உச்ச சக்தியா? சில இஞ்சினில் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். அடுத்து, விசிறி. சின்ன விசிறி வேகமாகச் சுற்றுவதைவிடப் பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினால் அதே எண்ணெயில் அதிகம் தள்ளும். அதற்கு வேகம் குறைக்கும் கியர் இருக்கிறதா என்று பாருங்கள். எச்.பி.க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை இதற்குக் கொடுத்தால் பிரயோஜனம். விசிறி நெளிந்திருந்தாலும், அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருந்தாலும் எந்த இஞ்சினும் திணறும். சுரண்டிவிட்டுப் பாருங்கள், புது இஞ்சினே வேண்டாம் என்று தோணலாம்.

ஏற்கனவே பெரிய இஞ்சின் வாங்கியவங்க கவலைப்பட வேண்டாம். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் அதே தூரத்துக்கான எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். ஏலத்துக்கு நேரமானால் மட்டும் விரட்டட்டும்.

உப்பங்கழியில் தொழில் செய்யும் இரண்டு குழுக்கள் செல்போனில் பார்த்த பேட்டரி மோட்டாரைக் கேட்டிருக்கிறார்கள். அதில் எச்.பி. போட மாட்டாங்க, தள்ளும் விசையைப் பவுண்டில் போடுவாங்க. 100 கிலோ எடைக்கு 2 கிலோ விசை குறைந்தபட்சம்; காற்றும் நீரோட்டமும் இருந்தால் அதில் இரட்டிப்பு. ஆள், வலையோடு 500 கிலோ வரும் சின்ன வள்ளத்துக்கு 20 கிலோ விசை, அதாவது சுமார் 44 பவுண்டு வேண்டும். சந்தையில் 55 பவுண்டு வருது. அது 12 வோல்ட்டில் முழு வேகத்துக்குச் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர் மணி பேட்டரியில் சாதாரண ஈய வகை என்றால் பாதிதான் எடுக்கலாம், எனவே ஒரு மணி நேரம். மெதுவாகப் போனால் பல மணி நேரம் வரும். உப்புத் தண்ணீருக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். கழிக்கு நல்லது. கடலலைக்கு அது ஆகாது, ஒரு எச்.பி.க்கும் குறைவுதான்.

அந்த ஏழு மனுவையும் நாங்கள் தள்ளுபடி செய்யவில்லை. எடைக் கணக்கும், போன மாசம் செலவான எண்ணெய்க் கணக்கும் ஒரு தாளில் எழுதி, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு அடுத்த திங்கட்கிழமை கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாங்க. மீன்வளத் துறை மானியம் எந்த இஞ்சினுக்கு உண்டு என்று விசாரித்துச் சொல்ல எங்களில் இருவர் போகிறோம். அதுவரை கடைக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.