தோலுக்கும் குரல் உண்டு
(விழா மாலையில் ஆற்றிய உரை)



ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்றதும் உலகம் நினைப்பது தோலைத்தான். அந்தத் தோலுக்குக் குரலும் உண்டு. வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டித் தீயில் காய்ச்சினால் அது தப்பாகிப் பேசுகிறது.

1820-களிலிருந்து நம் தமிழ் மக்கள் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றனர். மன்னாரிலிருந்து மலைநாட்டுக்குக் காட்டுவழி நடக்கையில் நோயால் மாண்டோர் பலர். சேர்ந்தவர்களிடம் சொத்தாக இருந்தவை தப்பும் பாட்டுமே. விடியலில் வேலைக்கு அழைத்ததும் தப்பு. மாசியில் காமன் கூத்துக்கு முழங்கியதும், சாவு வீட்டில் அழுததும் அதே தப்பு. விட்டுவந்த ஊரையும், கங்காணியின் கொடுமையையும் பாடிய அம்மக்களின் பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தேடித் தொகுத்து நூலாக்கினார்.

1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டுமென்றது. பாட்டன் எந்த மண்ணை நினைத்துப் பாடினானோ, அந்த மண்ணுக்கே பேரன் வந்தான். இங்கே அவனுக்குக் கிடைத்த பெயரோ ‘சிலோன்காரன்’! அங்கே இந்தியன், இங்கே சிலோன்காரன். அவனுடைய ஊர்தான் எது?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்டபோது, தாளத்தை நெஞ்சில் சுமந்து சென்றனர். தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபாவின் கடவுச்சீட்டு 1960-இல் ரத்து செய்யப்பட்டது. பெற்ற தாயின் அடக்கத்திற்கும் அவரால் போக முடியவில்லை. 1990-இல்தான் தாயகம் திரும்பினார். அந்த முப்பது ஆண்டுகளும் தம் மக்களின் பாடல்களை மேடைதோறும் பாடினார். நிலத்தைப் பறிக்கலாம், பாட்டைப் பறிக்க முடியாது.

அன்பர்களே, 1983 கலவரத்திற்குப் பின் வந்த இலங்கைத் தமிழர்கள் நம் வேலூரை அடுத்த மேல்மொணவூரிலும் வாழ்கின்றனர். அவர்களுக்கான வீடுகளுக்கு அங்கே 2021 நவம்பர் 2-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. வீடு அரசு தரலாம். ‘நம்மவர்’ என்ற சொல்லை அண்டை வீட்டார்தான் தர வேண்டும்.

அந்தந்த மக்களின் இசைக்கு உரிய மதிப்பளிக்கும்படி 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியது. ஆகவே, அடுத்த விழாவில் அவர்களையும் அழைப்போம். அவர்கள் பாட, நாம் அமர்ந்து கேட்போம். ஒருவனுடைய தாலாட்டைக் கேட்ட பிறகு அவனை அந்நியன் என்று சொல்ல நமக்கு நாவெழாது.