தேடலுக்கும் ஒரு சல்லடை



தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பாலை உறைய வைக்குமுன் வடிகட்டுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இலையும் பட்டைத் துண்டும் சல்லடையில் நின்றுவிடும். பால் கீழே இறங்கும். நூல்களைத் தேடித்தரும் அகப்பக்கங்களின் ஓரத்தில் ‘ஆசிரியர்’, ‘நாடு’, ‘ஆண்டு’ என்று கட்டங்கள் இருக்கின்றன அல்லவா? அவையும் சல்லடைகளே. சல்லடையின் கண் சரியில்லை என்றால், குப்பையோடு பாலும் மேலேயே நின்றுவிடும்.

மலேசியத் தோட்டத் தமிழரைப் பற்றிய ‘பால்மரக் காட்டினிலே’ என்ற நாவலை எழுதியவர் தமிழ்நாட்டு எழுத்தாளர் அகிலன். ஜாசினில் ஒரு மாணவி, தன் பாட்டி வாழ்ந்த வாழ்க்கையைக் கதையில் படிக்க விரும்பி, ‘நாடு’ என்ற கட்டத்தில் மலேசியாவைத் தேர்ந்தெடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த அகப்பக்கமோ நாடு என்றால் ஆசிரியரின் நாடு என்று கொண்டிருக்கிறது. நாவல் மறைந்துபோகிறது! நம் வாழ்க்கையை யாருமே எழுதவில்லை போலும் என்று அந்தப் பிள்ளை எண்ணிவிட்டால், அது சிறிய நட்டமா?

கணினிகள் நூலகத்துக்குள் வருவதற்கு வெகு காலம் முன்பே இதையெல்லாம் எண்ணிப் பார்த்தவர் ஒரு தமிழர். சீர்காழியைச் சேர்ந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. 1933இல் வந்த அவருடைய கோலன் பகுப்பு முறை, ஒரு நூலின் பொருளை ஒரே பெட்டியில் அடைக்காமல் பல முகங்களாகப் பிரித்துப் பார்த்தது. லண்டன் கடையொன்றில் மெக்கானோ விளையாட்டுத் துண்டுகளைப் பார்த்தபோது இந்த யோசனை பிறந்ததாம். கணித ஆசிரியர் பொம்மைக் கடையில் நின்றதும் நல்லதற்குத்தான்! அவர் சொன்ன முகங்களில் ‘இடம்’ ஒன்று, ‘காலம்’ ஒன்று. அந்த இடம் நூல் பேசும் பொருளுக்கு உரியது. ஆசிரியரின் ஊரும் அன்று, அச்சகத்தின் ஊரும் அன்று.

ஆகவே அகப்பக்கம் அமைக்கும் நம் இளைஞர்கள், ‘நாடு’ என்று மொட்டையாக எழுதாமல் ‘கதை நடக்கும் நாடு’, ‘ஆசிரியரின் நாடு’ என்று பிரித்தெழுதலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் எத்தனை நூல் கிடைக்கும் என்ற எண்ணைக் காட்டினால், காலியான அறைக்குள் யாரும் நுழையமாட்டார்கள். மலாக்கா என்றும் மெலாக்கா என்றும் எழுதுகிறோம். இரண்டும் ஒரே ஊர் என்பது கணினிக்குத் தானாகத் தெரியாது, நாம்தான் சொல்லிவைக்க வேண்டும். எந்தெந்தக் கட்டங்களைத் தேர்ந்தோம் என்பது திரையின் மேலேயே தெரியவேண்டும். கைத்தொலைபேசியின் சிறு திரையில் பழைய தேர்வு ஒன்று கண்ணில் படாமல் ஒளிந்திருந்து, அடுத்த தேடலையும் கெடுத்துவிடுகிறது.

தேடுகிற நாமும் ஒன்று செய்யலாம். ‘எதுவும் இல்லை’ என்று வந்தால் உடனே மூடிவிடாமல், முதலில் ஆண்டை நீக்குவோம். பிறகு நாட்டை நீக்குவோம். அதற்கும் வரவில்லையென்றால் ‘ரப்பர்’ என்ற ஒரு சொல்லை மட்டும் இட்டுப் பார்ப்போம்.