முயலை வீட்டுக்குக் கொண்டுவருமுன்



சந்தையிலே கூடையொன்றில் ஒடுங்கியிருக்கும் வெண்முயற் குட்டியைக் கண்ட பிள்ளை, "அப்பா, இதை வாங்கித் தாருங்கோ" என்று கேட்கின்றது. தந்தையும் பிறந்தநாட் பரிசென எண்ணி இசைந்துவிடுகின்றார். நன்கு பேணப்படும் வீட்டு முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வரை உயிர்வாழக்கூடியது என்பது அவ்வேளையில் அவர் நினைவுக்கு வருவதில்லை. பத்து வயதுப் பிள்ளை பல்கலைக்கழகம் புகும் காலத்திலும் அம்முயல் வீட்டில் இருக்கும். அப்பொழுது அதற்குப் புல் இடுபவர் யார்? வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் "நான்" என்று விடை கூறுவாராயின் மட்டுமே முயலை ஏற்றல் தகும்.

புதிதாக வாங்குவதினும், வளர்க்க இயலாதவர் கைவிட எண்ணும் முயலை ஏற்பது மேலானது. அதன் வயது யாது, ஆணோ பெண்ணோ, இதுவரை எதனை உண்டது என்பவற்றைக் கேட்டறியுங்கள். இரண்டும் பெண்ணென்று நம்பி ஒரே கூட்டில் விட்டவற்றுள் ஒன்று ஆணாயிருப்பின், ஏறக்குறைய 31 நாட்களில் குட்டிகள் வந்துவிடும். முயல் துணையை விரும்பும் பிராணிதான். ஆயினும் சோடி சேர்க்குமுன் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தல் வேண்டும்.

உணவைப் பற்றி நம்மவரிடையே உள்ள மயக்கம் பெரிது. படங்களிலே முயல் கரட்டைக் கடிக்கின்றது. ஆகவே நாமும் கரட்டையே கொடுக்கின்றோம். அது முயலுக்கு இனிப்புப் பண்டம் போன்றது. எப்போதாவது சிறு துண்டு போதும். பாணும் சோறும் ஆகா. முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை. நார் மிகுந்த புல்லை ஓயாது மென்றாலன்றி அவை தேயா. குடலும் ஒழுங்காக இயங்காது. ஆதலால் அறுகு முதலிய புல்லும், நன்கு உலர்த்திய புல்லும் எந்நேரமும் அதன் முன் இருத்தல் வேண்டும். வைக்கோல் படுக்கைக்கு உதவும், உணவாகப் போதாது.

நம் பற்றைக் காடுகளில் ஓடும் முயல் வேறு இனம். கூட்டில் வளர்வதன் மூதாதை இனம் ஐபீரியத் தீபகற்பத்திலே வளை தோண்டி வாழ்ந்தது. "காட்டிலே பிழைத்துக்கொள்ளும்" என்று வீட்டு முயலைப் பற்றைக்குள் விட்டு வருவது, அதனை நாய்க்கும் கீரிக்கும் கொடுப்பதேயாகும். நம் வெயிலும் அதற்குப் பகை. வியர்த்து ஆறும் வல்லமை அதற்கில்லை. காதுகளின் வழியாகவே உடற்சூட்டைப் பெரிதும் தணித்துக்கொள்ளும். தகரக் கூரையின் கீழ்க் கூட்டை வைக்காதீர்கள். உச்சிப் பொழுதிலே குளிர்நீர்ப் போத்தலைத் துணியிற் சுற்றி அருகில் வையுங்கள். அக்காதுகளைப் பற்றித் தூக்குவதோ கொடுமை. பின்கால்களைத் தாங்கியே எடுத்தல் வேண்டும். இன்றேல் உதறும் வேகத்தில் முதுகெலும்பு முறியவும் கூடும்.

நாய்க்கு நோவென்றால் முனகும். முயலோ பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணியாதலின், தன் நோயை மறைத்துக்கொள்ளும். ஆகவே நாள்தோறும் அது உண்ட அளவையும் இட்ட புழுக்கையையும் பாருங்கள். உண்ணாமலும் புழுக்கை இடாமலும் அரை நாள் கழிந்தால், சோர்ந்து உறங்குகின்றது என்று காத்திராதீர்கள். குடலின் அசைவு நின்றிருக்கலாம். மறுநாட் காலை வரை பொறுத்தால் உயிர் போய்விடக்கூடும். அப்பொழுதே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். முயலுக்கு வைத்தியம் செய்து பழகியவர் எங்கிருக்கின்றார் என்பதை, முயல் வீட்டுக்கு வருமுன்னரே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.