படித்துப் பார்த்துத்தான் கையெழுத்து

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆங்கில வகுப்பு உறுப்பினர்கள் சார்பாகப் பேசியது)



போன வருஷம் புதுச்சேரி டவுனில் ஆங்கில வகுப்பு ஆரம்பித்தபோது நாங்கள் இருபது பேர் சேர்ந்தோம். "இந்த வயசுல இங்கிலீஷ் எதுக்கு?" என்று வீட்டில் சிரித்தார்கள். எங்களுக்கும் கூச்சம்தான். வேலை, சமையல், பிள்ளைகள் என்று பாதியில் ஒன்பது பேர் நின்றுவிட்டார்கள். மிச்சம் பதினொரு பேர் பேசுகிறோம்.

நம் ஊரில் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகம். அந்தக் காலத்துப் பத்திரங்கள் பல பிரெஞ்சில் இருக்கும். நம் பாட்டிமார் என்ன ஏதென்று தெரியாமல் கைநாட்டு வைத்தார்கள். 1990-களில் அறிவொளி இயக்கம் வந்து எத்தனையோ அம்மாக்களைத் தமிழில் கையெழுத்துப் போட வைத்தது. ஆனால் நம்மிடம் நீட்டும் பாரம் பல நேரம் இங்கிலீஷில் இருக்கிறதே! தெரியாமல் போட்டால் கையெழுத்தும் கைநாட்டு மாதிரிதான்.

எங்களில் ஒருவர், சாட்சி என்று நம்பி, தெரிந்தவர் வாங்கிய கடனுக்குக் கையெழுத்துப் போட்டார். அங்கே இருந்த சொல் 'கியாரண்டர்'. வாங்கியவர் கட்டவில்லை. நோட்டீஸ் இவர் வீட்டுக்கு வந்தது. பதினொரு மாதம் இவர்தான் கட்டினார்.

அதனால் டீச்சர் பாடப்புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, "வீட்டில் இருக்கிற காகிதத்தைக் கொண்டு வாங்க" என்றார். பாஸ்புக், மாத்திரை அட்டை, கடன் பாரம் எல்லாம் பாடமானது. 'டெபிட்' என்றால் கணக்கிலிருந்து போன பணம். 'கிரெடிட்' என்றால் வந்த பணம். 'விட்னஸ்' என்றால் சாட்சி. 'கியாரண்டர்' என்றால், வாங்கியவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று பொறுப்பேற்பவர். மாத்திரை அட்டையில் 'எக்ஸ்பைரி' மாதம் தாண்டினால் சாப்பிடக்கூடாது.

உண்மையைச் சொல்கிறோம், இங்கிலீஷில் பேச இன்னும் வரவில்லை. வாய் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஆனால் கவுண்டரில், "இருங்க சார், படிச்சுப் பார்த்துட்டுப் போடுறேன்" என்று சொல்லும் தைரியம் வந்திருக்கிறது. வங்கிகள் தமிழிலும் பாரம் வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதும் வகுப்பில்தான் தெரிந்தது. இப்போது அதையும் கேட்டு வாங்குகிறோம்.

அடுத்த வருஷம் இந்த வகுப்பு உங்கள் ஊருக்கும் வர வேண்டும், சாயங்காலம் வேலை முடிந்த பிறகு. அதுவரைக்கும் ஒன்று செய்யுங்கள். குழுக் கூட்டத்துக்கு ஆளுக்கொரு காகிதம் கொண்டு வாருங்கள். புரியாத வரியைக் கேளுங்கள். கேட்டுத் தெரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.