சிறுமுதலில் விண்மீன் படப்பிடிப்பு

1882 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களிலே, தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில், விடியற்கால வானிலே பெரியதொரு வால்வெள்ளி தோன்றி நின்றது. அங்கிருந்தோர் சிலர் தம் கமராக்களை நிலத்தில் நிறுத்தி அதனைப் படம்பிடித்தனர். வால்வெள்ளியின் சாயல் தகட்டிலே பதிந்தது. ஆனால் கமராக்கள் வானத்தின் ஓட்டத்தைத் தொடராது நின்றமையால் தெளிவான படம் கிட்டவில்லை. அங்குள்ள அரச வானாய்வகத்தின் தலைவராக விளங்கிய டேவிட் கில் இதற்கு வேறொரு வழி கண்டார். அயலூராகிய மௌபிரேயில் இருந்த அல்லிஸ் என்னும் படப்பிடிப்பாளரின் கமராவை வாங்கி, வானத்தின் ஓட்டத்தோடு தானும் திரும்பும் தொலைநோக்கி ஒன்றன் மீது அதனை இறுகப் பொருத்தினார். அக்கமராவின் வில்லை 2½ அங்குல அகலமே உடையது. மனிதரின் உருவத்தைப் படம்பிடிக்க உதவும் எளிய வில்லை. ஆயினும் அரை மணி முதல் இரண்டு மணிக்கு மேலும் ஒளிபட வைத்த அத்தகடுகளிலே வால்வெள்ளி மட்டுமன்றி, அதன் பின்னணியில் எண்ணற்ற விண்மீன்களும் புள்ளி புள்ளியாகப் பதிந்திருந்தன.

அப்படங்களைக் கண்ட கில், தென்வானம் முழுவதையும் படம்பிடித்துப் பட்டியல் செய்ய முற்பட்டார். நெதர்லாந்து அறிஞர் கப்டெய்ன் தகடுகளை அளந்து உதவினார். 454,875 விண்மீன்கள் அடங்கிய அப்பட்டியல் 1896 முதல் 1900 வரை வெளியாயிற்று. இத்துணைப் பெரிய முயற்சிக்கு வித்திட்டது விலையுயர்ந்த கண்ணாடி அன்று. சிறிய வில்லையொன்றைத் தளராது தாங்கி, வானத்தோடு சேர்த்துத் திருப்பிய தாங்கியே.

நூற்று நாற்பது ஆண்டுகள் கழிந்தும் இவ்வுண்மை மாறவில்லை. சிறிய தொகையொன்றைச் சேர்த்துக்கொண்டு விண்மீன் படப்பிடிப்பிலே புக விரும்பும் ஒருவர் முதலில் மனத்திற் கொள்ளவேண்டியதும் இதுவே. கண்ணாடியைப் பார்க்கு முன்னர் அதனைத் தாங்கும் காலைப் பார்க்க வேண்டும்.

ஆனால் கடைகளிலே நிகழ்வது பெரும்பாலும் இதற்கு மாறானது. ஐந்நூறு மடங்கு பெருக்கிக் காட்டும் என்று பெட்டியின் மேல் அச்சிட்ட தொலைநோக்கி ஒன்று கண்ணைக் கவர்கின்றது. மாதக்கணக்காகச் சேர்த்த பணம் அதற்கே போய்விடுகின்றது. வீட்டுக்குக் கொணர்ந்து முற்றத்தில் நிறுத்தினால், மெல்லிய கால்கள் காற்றுப்பட்ட கமுகம்பிள்ளை போல் ஆடுகின்றன. சந்திரன் தெரிகிறது, மறுகணம் ஓடிவிடுகிறது. அதனோடு கமராவைப் பொருத்தவோ அதன் கால்களுக்கு வலுவில்லை. இரண்டு வாரத்தில் அது பரணுக்கு ஏறுகின்றது. பணம் போனது ஒரு நட்டமாயின், வானத்தை அறிய எழுந்த ஆர்வம் அவிந்து போவது அதனினும் பெரிய நட்டம். இளைஞர் ஒருவருக்கு அவ்வார்வம் மறுமுறையும் எழும் என்பதற்கு உறுதியில்லை.

பெருக்கும் கருவி ஏன் துன்பம் தருகின்றது? பூமி தன்னைத் தானே ஒருமுறை சுற்றுதற்கு 23 மணி 56 நிமிடம் 4 செக்கன் செல்கின்றது. அதனால் வானம் செக்கனுக்கு ஏறத்தாழ 15 விகலை வீதம் மேற்கே நகர்வது போலத் தோன்றுகின்றது. கண்ணுக்கு இது புலனாவதில்லை. ஆனால் கமரா பல செக்கன்கள் திறந்திருக்கும்போது ஒவ்வொரு விண்மீனும் புள்ளியாகாது கோடாகிவிடும். வில்லையின் குவியத் தூரம் நீள நீள இக்கோடும் நீளும்.

இதற்கு எளியதொரு கணக்குண்டு. 500 என்னும் எண்ணை மில்லிமீற்றரில் உள்ள குவியத் தூரத்தால் வகுத்தால், அசையாத கமராவை எத்தனை செக்கன் திறந்து வைக்கலாம் என்பது கிடைக்கும். 24 மில்லிமீற்றர் வில்லைக்கு இருபது செக்கன். 50 மில்லிமீற்றர் வில்லைக்குப் பத்துச் செக்கன். 1000 மில்லிமீற்றர் தொலைநோக்கிக்கு அரைச் செக்கன் மட்டுமே. தொடக்கநிலைக் கமராக்கள் பலவற்றின் உணரி பழைய 35 மில்லிமீற்றர் படச்சுருளினும் சிறியது. அவற்றுக்கு இவ்விடையை மேலும் ஒன்றரையால் வகுத்தல் வேண்டும். ஆகவே குறுகிய வில்லை மலிவானது மட்டுமன்று. தொடக்கநிலையாளரின் பிழைகளைப் பொறுத்துக்கொள்வதும் அதுவே.

இனி, வாங்கவேண்டிய பொருள்களை ஒவ்வொன்றாக நோக்கலாம்.

முதலாவது கமரா. புத்தம் புதியது வேண்டியதில்லை. வில்லையைக் கழற்றி மாற்றக்கூடிய பழைய இலக்கக் கமரா ஒன்று போதும். மூன்று தகுதிகள் அதற்கு இருத்தல் வேண்டும். திறந்திருக்கும் நேரத்தையும் துளையின் அளவையும் கையாலே அமைக்க இடந்தருதல் ஒன்று. சுருக்கப்படாத மூலக்கோப்பாகப் படத்தைச் சேமித்தல் மற்றொன்று. திரையிலே ஒரு விண்மீனைப் பெரிதாக்கிப் பார்த்துக் குவியத்தைத் திருத்த உதவுதல் மூன்றாவது. இம்மூன்றாவது இல்லாத மிகப் பழைய கமராவை எவரேனும் மலிவாகத் தர முன்வந்தாலும் விலக்குதலே நன்று. இருளிலே குவியம் தவறினால் அன்றிரவின் உழைப்பு முழுவதும் வீணாகும்.

இரண்டாவது வில்லை. 50 மில்லிமீற்றர் குவியத் தூரமும் 1.8 துளையும் கொண்ட எளிய வில்லை பெரிய கமரா உற்பத்தியாளர் பலரிடமும் உண்டு. அவர்களின் வில்லைகளுள் விலை குறைந்தவற்றுள் அதுவும் ஒன்றாகும். முழுவதும் திறந்தால் ஓரங்களில் விண்மீன்கள் சிறகு முளைத்தாற்போலத் தோன்றும், 2.8 அளவுக்கு ஒடுக்கினால் சீராகும். அவ்வாறு ஒடுக்கிய பின்னரும், கமராவோடு வரும் சாதாரண வில்லை 5.6 அளவில் தருவதைவிட நான்கு மடங்கு ஒளியை அது தரும்.

பழைய வில்லையை வாங்குவோர் அதன் ஒரு பக்கத்தில் சிறு மின்விளக்கைப் பிடித்து மறுபக்கத்திலிருந்து நோக்குதல் அவசியம். இலங்கை போன்ற ஈரப்பதம் மிக்க நாட்டிலே வில்லையினுள் பூஞ்சணம் படர்வது வழக்கம். சிலந்தி நூல் போன்ற கோடுகள் தென்பட்டால் அதனை வாங்காது விடல் வேண்டும். வாங்கிய நல்ல வில்லையையும் காற்றுப் புகாத பெட்டியில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துக் காத்தல் வேண்டும்.

மூன்றாவது, எல்லாவற்றினும் முதன்மையான முக்காலி. அதனைக் கடையிலேயே சோதிக்கலாம். கமராவைப் பொருத்தி, திரையிலே தூரத்துப் பொருளொன்றைப் பெரிதாக்கி வைத்து, முக்காலியை விரலால் மெல்லத் தட்டினால், அதிர்வு ஓரிரு செக்கனில் அடங்குதல் வேண்டும். நெடுநேரம் ஆடுமாயின் எவ்வளவு அழகியதாயினும் அது உதவாது. நடுத்தண்டை உயர்த்தாது, கால்களையும் முழுவதும் நீட்டாது, நடுவிலே மணல் நிரப்பிய பையொன்றைத் தொங்கவிட்டால் சாதாரண முக்காலியும் உறுதி பெறும். கை படாமல் கமராவை இயக்கும் நேரங்காட்டி இணைப்பும், மேலதிக மின்கலமும் சேர்ந்தால் முதற்கட்டம் நிறைவெய்தும்.

நான்காவதாக வருவது வானைத் தொடரும் தாங்கி. இதனை விலைகொடுத்து வாங்கு முன்னர், வீட்டிலேயே செய்துபார்க்கும் வழியொன்றுண்டு. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஹெய்க் என்பவர் 1975 ஆம் ஆண்டு அமெரிக்க வானியல் சஞ்சிகை ஒன்றில் எழுதிப் புகழ்பெறச் செய்த அமைப்பு அது. இரண்டு பலகைகளைக் கதவுப் பிணைச்சலால் ஒரு முனையில் இணைக்க வேண்டும். கீழ்ப்பலகையிலே பதித்த ‘நட்’ எனப்படும் சுரையினூடாக 6 மில்லிமீற்றர் திருகாணியொன்று மேல்நோக்கி வந்து மேற்பலகையைத் தள்ளுதல் வேண்டும். அத்தகைய ஆணி ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீற்றர் முன்னேறும். பிணைச்சலின் அச்சிலிருந்து ஆணி 229 மில்லிமீற்றர் தூரத்தில் அமையுமாயின், நிமிடத்திற்கு ஒரு சுற்று வீதம் அதனைத் திருப்ப, மேற்பலகை வானத்தின் வேகத்திலேயே விரியும். கடிகாரத்தின் செக்கன் முள்ளைப் பார்த்துக் கையாலேயே சீராகத் திருப்பலாம். கமரா மேற்பலகையில் அமரும்.

பிணைச்சலின் அச்சு வான்துருவத்தை நோக்குதல் இன்றியமையாதது. வடக்கு நோக்கி நிற்பவருக்குப் பிணைச்சல் இடப்புறமும் ஆணி வலப்புறமும் அமைதல் வேண்டும். இங்கே இலங்கையருக்கு உரிய இடர்ப்பாடு ஒன்றுண்டு. துருவ நட்சத்திரம் ஓரிடத்தின் அகலக்கோட்டு அளவுக்கே அடிவானத்திலிருந்து உயர்ந்து தோன்றும். யாழ்ப்பாணத்திலே அது பத்துப் பாகையை எட்டாது. கொழும்பிலே ஏழு பாகையளவே. பனைகளும் கூரைகளும் அடிவானத்து மூட்டமும் அதனை மறைத்துவிடும். அதனைத் தேடி இரவைக் கழிக்க வேண்டியதில்லை. திசைகாட்டியால் வடக்கையும், கோணமானியால் அகலக்கோட்டு அளவையும் அமைத்துக்கொள்ளலாம். அச்சு ஒரு பாகை பிழைத்திருந்தாலும், 50 மில்லிமீற்றர் வில்லையிலே ஒரு நிமிடப் படம் கெடுவதில்லை. அசையாத கமராவில் ஏழு செக்கனே கிட்டிய இடத்தில், இப்பலகைகளால் அறுபது செக்கன் கிட்டுகின்றது.

இதிலே பழகித் தேர்ந்த பின், மின்னியக்கத்தால் தொடரும் சிறிய தாங்கியை வாங்க எண்ணுவோர் விற்பவரிடம் இரு கேள்விகளைக் கேட்டல் வேண்டும். அது எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பது ஒன்று. சொல்லப்படும் அளவில் பாதியே படப்பிடிப்புக்கு உரியது எனக் கொள்ளுதல் பாதுகாப்பானது. அதன் அச்சை எத்தனை பாகை வரை தாழ்த்தலாம் என்பது மற்றையது. குளிர்நாடுகளின் அகலக்கோடுகளைக் கருதி ஆக்கப்பட்ட தாங்கிகளுள் 15 பாகைக்குக் கீழே இறங்காதனவும் உண்டு. அவை இலங்கையிலே பயன்படா.

தொலைநோக்கி இப்பட்டியலிலே இன்னமும் இடம்பெறவில்லை என்பதை நேயர்கள் கவனித்திருப்பர். அது கடைசியாக வாங்கவேண்டிய பொருள். கையிலுள்ள தொகையைப் பத்துப் பங்காக்கினால், கமராவுக்கும் வில்லைக்கும் ஐந்து, முக்காலிக்கும் தாங்கிக்கும் நான்கு, சிறு பொருள்களுக்கு ஒன்று என ஒதுக்குதல் தகும்.

விலையின்றிக் கிடைப்பனவும் சில உள. ஒரே காட்சியைப் பலமுறை படம்பிடித்து, அவற்றைக் கணினியிலே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்தால், படத்திலுள்ள புள்ளிக் கறைகள் மங்கும். பதினாறு படங்களைச் சேர்த்தால் அக்கறை நான்கிலொன்றாகக் குறையும். இதற்குரிய டீப் ஸ்கை ஸ்டாக்கர், சிரில் என்னும் மென்பொருள்களும், எந்த விண்மீன் எப்போது எங்கே தோன்றும் எனக் காட்டும் ஸ்டெல்லாரியமும் இலவசமானவை. இலங்கை வானமும் ஓர் இலவசப் பெருஞ்செல்வமே. இத்தீவிலிருந்து வடவானத்துச் சப்தரிஷி மண்டலத்தையும் தென்சிலுவையையும் காணலாம். பால்வழியின் நடுப்பகுதி இங்கே அடிவானத்திலிருந்து ஐம்பது பாகைக்கு மேல் உயர்கின்றது. இலண்டனில் அது பத்துப் பாகையளவே எழும்.

மாரி ஓய்ந்த தை, மாசி மாதங்களில், நிலவற்ற இரவொன்றிலே, தெருவிளக்குகளுக்கு அப்பாற் சென்று, திருவாதிரை அடங்கிய ஒரியன் மண்டலத்தை நோக்கி ஒரு நிமிடப் படங்கள் முப்பதைப் பிடித்துச் சேர்ப்பாராயின், அதன் வாளிலே செம்மை கலந்த முகிலொன்று மலர்வதைத் தொடக்கநிலையாளரும் காண்பர்.

அமெரிக்க வானியலாளர் எட்வேர்ட் பார்னார்ட் வறிய குடும்பத்தில் பிறந்தவர். ஒன்பது வயதிலே படப்பிடிப்பு நிலையமொன்றில் வேலைக்கு அமர்ந்தார். சூரிய ஒளியால் படங்களைப் பெரிதாக்கும் கருவியொன்று அங்கே இருந்தது. சூரியன் நகர நகர அதனைத் திருப்பிச் சூரியனை நோக்கியே வைத்திருத்தல் அச்சிறுவனின் பணி. 1889 ஆம் ஆண்டிலே, கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில், ஒருவர் முன்பு பயன்படுத்திய உருவப்பட வில்லையைக் கொண்டு, அதே பார்னார்ட் பால்வழியின் முகில்களைப் படம்பிடித்து உலகுக்குக் காட்டினார். வில்லை பழையது. ஆனால் ஓடும் ஒளியைப் பொறுமையோடு தொடரும் பழக்கம் இளமையிலேயே கைவந்தது. அப்பழக்கத்தை எக்கடையிலும் வாங்க முடியாது. இரண்டு பலகையும் ஒரு பிணைச்சலும் கொண்டு, வீட்டு முற்றத்திலே அதனைப் பயிலத் தொடங்கலாம்.